ஒரு முழம் நாடா

தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டியிருந்த பெட்டி ஒரு பெண்குரலில் பேசியது எங்கள் பக்கத்து வயசான விவசாயிகளுக்கு இன்னும் நினைவிருக்கும். கிணற்றிலோ போர்வெல்லிலோ தண்ணீர் இறங்கிவிட்டால், "தண்ணி இல்லீங்க" என்று சொல்லும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அதைச் சொல்ல மறுத்தவர். அது மூன்று நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவரைச் சொல்ல வைத்தவன் நான். இத்தனை வருஷம் இதை ஊரறியச் சொல்லாமல் நல்லவன் மாதிரி நடமாடிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் காந்திபுரத்தில், டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் எனக்கு ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்று போர்டில்தான் எழுதியிருந்தேன். ஏறி வந்து பார்த்தவர்கள் ரூம் என்றார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலுக்குச் சணல் சாக்கு, ஒரு மைக், இரண்டு கேசட் டெக், யாரோ கழித்துக் கட்டிய பழைய ஸ்பூல் மிஷின் ஒன்று. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் விளம்பரங்கள்தான் பிழைப்பு. எழுதுவதும் நான், பதிவதும் நான், வெட்டி ஒட்டுவதும் நான். சிறுபத்திரிகைகளில் நாலைந்து கவிதை வந்திருந்தது. அதனால் ஆடித் தள்ளுபடி அறிவிப்பிலும் கொஞ்சம் இலக்கியம் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்கிற வியாதியும் இருந்தது.

அந்த விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தவரை நான் அக்கா என்பேன். நாற்பது வயதிருக்கும். காரமடைப் பக்கம் தோட்டத்தில் வீடு, கணவருக்கு விவசாயம். இவர் கோயமுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாகப் படியேறி வந்து, பேசிக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க இறங்கிப் போவார். குரலில் அலங்காரம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து விஷயம் சொல்வது போலிருக்கும். கடைக்காரர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. நான் "அனைவரும் வருகை தாரீர்" என்று எழுதிக் கொடுத்தால், அவர் மைக்கின் முன் அதை "எல்லாரும் வாங்க" என்று படித்துவிடுவார். "எழுதினதைப் படிங்க அக்கா" என்று நான் பல்லைக் கடிப்பேன். "எழுதுனா ஆருங்க தம்பி வருவாங்க? கூப்புட்டாத்தான் வருவாங்க" என்பார்.

ஒருநாள் கணபதியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். கையில் கிரீஸ், சட்டைப் பையில் நகத்தளவு ஒரு சிப். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாராம். இருபது வினாடி பேச்சை அது மனசில் வைத்துக்கொள்ளும், கரண்ட் போனாலும் மறக்காது என்றார்.

"ஏனுங்க, உங்க கலையும் எங்க கரண்ட்டும் ஒண்ணு சேந்தா என்னனு பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். அப்படி யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. கலை என்ற சொல்லை அந்த முட்டை அட்டைக்கு நடுவில் முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான். அதிலேயே விழுந்துவிட்டேன்.

அவர் சொன்ன பிரச்சினை எளிமையானது. தோட்டக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு எங்கேயோ வேலையாக இருப்பார். தண்ணீர் தீர்ந்தபிறகும் மோட்டார் வெறுமனே ஓடும், சூடேறும், உள்ளே கம்பி சுற்றிய காயில் எரிந்துபோகும். காயில் கட்டிவர ஒரு வாரம், அதற்குள் பயிர் காயும். மணியடிக்கிற பெட்டி ஏற்கெனவே இருந்தது. மணியைக் கேட்டு யாரும் ஓடி வரவில்லை. கரண்ட் வந்ததற்கும் மணி, தண்ணீர் தீர்ந்ததற்கும் மணி என்றால் எதற்கென்று ஓடுவது? "மனுசக் குரல்ல சொன்னா ஓடி வருவாங்க" என்றார் இன்ஜினியர். மோட்டார் ரூம் மேல் ஒரு ஹாரன் ஸ்பீக்கர், உள்ளே பேசுகிற பெட்டி. பெட்டி சொல்லும், நிறுத்துவது ஆள் வேலை.

மூன்று வாக்கியம் வேண்டும். கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது வாக்கியம் "நீர் இல்லை; மோட்டாரை நிறுத்துக" என்று முடிந்தது. அக்கா படித்துப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தோட்டத்துல மனுசங்க இருக்காங்க தம்பி. கல்வெட்டா இருக்குது?"

அவர் தன் பேச்சில் மாற்றினார். "கரண்ட் வந்துருச்சுங்க." "மோட்டார் ஓடுதுங்க." இன்ஜினியர் கையில் ஸ்டாப் வாட்ச். ஒவ்வொரு "ங்க"வும் இடத்தைச் சாப்பிடுகிறது, அதை எடுத்துவிட்டால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வைக்கலாம் என்றார். அக்கா மைக்கை விட்டு எழுந்துவிட்டார்.

"ங்க போடாம ஒரு பொம்பளை அவங்க தோட்டத்துலயே நின்னு பேசுனா, மோட்டாரை நிறுத்த மாட்டாங்க. பொட்டியைத்தானுங்க ஒடைப்பாங்க."

இன்ஜினியர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒடைப்பாங்கதான்" என்று ஒப்புக்கொண்டார். "ங்க" பிழைத்தது. இப்போது யோசித்தால் அந்தச் சில நாட்கள் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். பட்டறைக்காரருக்குச் சொல்லின் எடை தெரிந்தது, எனக்கு வினாடியின் எடை தெரிந்தது. அக்காவுக்கு இரண்டும் முன்பே தெரிந்திருந்தது.

மூன்றாவது வாக்கியத்துக்கு அவர் சொன்னது, "தண்ணி ஊறட்டுங்க."

இல்லை என்ற சொல்லே அதில் கிடையாது. கிணறு இறங்கிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள், ஊறி வரட்டும் என்று அர்த்தம். நான் அசந்து போனேன். பொறாமையாகவும் இருந்தது. நாலு கவிதை எழுதியவனுக்கு வராத வரி டைப்பிஸ்டுக்கு வந்துவிட்டதே என்று. சிப்பில் ஏற்றினோம். அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் சோதனைக்கு மாட்டினார்கள்.

பத்து நாளில் இன்ஜினியர் தொங்கிய முகத்தோடு வந்தார். அந்தத் தோட்டத்துப் பெரியவர் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாராம். பெட்டி "தண்ணி ஊறட்டுங்க" என்றது. யாரோ நல்ல வாய் வாழ்த்துகிறது என்று நினைத்து, "ஊறட்டும் கண்ணு, நல்லா ஊறட்டும்" என்று பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி புல் அறுக்கப் போய்விட்டார். பெட்டி மறுபடி வாழ்த்தியிருக்கிறது, அவர் மறுபடி கும்பிட்டிருக்கிறார். காயில் கருகிப் புகை வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"நாளைக்குத் தொழில் கண்காட்சிக்குப் பொட்டியைக் கொண்டுபோகோணுமுங்க. 'தண்ணி இல்லீங்க'ன்னு அவங்களையே நேராச் சொல்லச் சொல்லுங்க. நாலு மணிக்கு வந்து ஏத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வழக்கம்போல் மத்தியானம் வந்தார். நான் வழக்கம்போல் ஆள் உட்காருவதற்கு முன்பே ஸ்பூல் மிஷினில் நாடாவை ஓட விட்டிருந்தேன். பேசிக்கொண்டே வந்து உட்காருவார்கள், அதை வைத்து மைக்கின் அளவைச் சரிசெய்துகொள்வது என் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் கும்பிட்ட கதைக்குச் சிரித்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"வேற என்ன வேணாலும் சொல்றனுங்க தம்பி. எங்க ஊட்டுல அரிசி தீந்துபோனாக்கூட அரிசி வாங்கோணும்னுதான் சொல்லுவோம். அடுத்தவங்க தோட்டத்துல நின்னு, தண்ணி இல்லீங்கன்னு என்ற வாயால சொல்ல மாட்டனுங்க."

எங்கள் பக்கத்தில் "என்னுடைய" என்பது "என்ற" என்று ஆகும். அந்த "என்ற வாயால" என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். நான் கெஞ்சினேன். பெட்டிதானே சொல்கிறது, நீங்களா சொல்கிறீர்கள் என்றேன். "பொட்டிக்கு ஏதுங்க வாயி" என்றார். அப்புறம் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூடநம்பிக்கை என்ற சொல்லைக்கூட எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. மணி பார்த்துவிட்டு எழுந்தார்.

"சரிங்க அக்கா, விடுங்க. பழசே இருக்கட்டும்" என்றேன். அதை நம்பித்தான் அவர் படியிறங்கிப் போனார்.

ஸ்பூல் மிஷினை நிறுத்த மறந்திருந்தேன். நாடாவைப் பின்னால் சுற்றி ஓட விட்டபோது அவர் மறுத்த வாக்கியம் வந்தது. அதில் நான் கேட்டது முழுசாக இருந்தது. தண்ணி இல்லீங்க. பின்னால் ஒரு "ன்னு" மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உடனே செய்துவிடவில்லை. கீழே போய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து இரண்டு ஸ்பூலையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக உருட்டினேன். ஒட்டுகிறவர்கள் இடம் கண்டுபிடிப்பது அப்படித்தான். அப்படி உருட்டும்போது குரல் அடிவயிற்றுக்கு இறங்கிவிடும், ஆணா பெண்ணா தெரியாது. அந்த நடுப்பகலில், தெரிந்த ஒருத்தரின் பேச்சு என் விரலுக்குக் கீழே முனகியது. "ங்க" முடிந்து "ன்" தொடங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். சவரப் பிளேடால் அறுத்தேன். கோடு மயிரிழை தள்ளிப் போய்விட்டது. "ன்"னின் ஆரம்பம் கொஞ்சம் முன்பக்கமே தங்கிவிட்டது. மறுபடி சீவப் பயமாக இருந்தது, "ங்க"வே போய்விடும்.

மிச்சத்தில் அவருடைய "ன்னு என்ற வாயால சொல்ல மாட்டனுங்க" இருந்தது. பூ அளக்கிற கணக்கில் சொன்னால் ஒரு முழம் நாடா. குப்பையில் போட மனசு வரவில்லை. சுருட்டி ஒரு காலித் தீப்பெட்டியில் வைத்து இழுப்பறையில் போட்டேன்.

நாலு மணிக்கு இன்ஜினியர் வந்தார். "சொன்னாங்களா?" என்றார்.

"சொன்னாங்க" என்றேன். பொய்யில்லை, பாருங்கள்.

கண்காட்சியில் எங்கள் ஸ்டாலில்தான் கூட்டம். வாளித் தண்ணீரில் ஒரு குட்டி மோட்டாரை ஓட விட்டிருந்தார் இன்ஜினியர். வாளி காலியானதும் பெட்டி "தண்ணி இல்லீங்க" என்று சொல்ல, நாலு பேர் தங்களை அறியாமல் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்கள். ஒருத்தர் பெட்டிக்குப் பின்னால் போய், "ஏனுங்க, உள்ள ஆரும் இருக்காங்களா?" என்று பார்த்தார். எழுதினது யார் என்று கேட்டபோது இன்ஜினியர் என் தோளில் தட்டினார். பட்டறைக்காரர்கள் கூட்டத்தில் என்னை எழுத்தாளர் என்று முதலில் கூப்பிட்டது அன்றைக்குத்தான். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி அன்னூர், சிறுமுகை, காரமடை, மேட்டுப்பாளையம் வரை போனது. அக்காவுக்கு அவருடைய பழைய வாக்கியம்தான் ஊரெல்லாம் கேட்கப்போகிறது என்ற நினைப்பு. நானும் வாயைத் திறக்கவில்லை. தெரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வேறு வேலைகளுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். அவர் ஊரில் பெட்டி வந்து சேர அடுத்த தை மாதம் ஆகிவிட்டது. அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது.

மாசி கழிந்ததும் போர்களில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கரண்ட் வரும் நேரம் பார்த்து எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தீரும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒரு முறை போனபோது, நெரிசலில் வண்டி நின்ற இடத்தில் அதைக் கேட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அக்கா "தண்ணி இல்லீங்க" என்றார். கொஞ்சம் தள்ளி இன்னொரு அக்கா. பாக்குத் தோப்புக்கு அப்பால் இன்னும் மெலிதாக ஒருத்தர். வெயிலில் ஒரு ஆளும் கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்த மூக்கொலி இருந்தது, நான் பிளேடு தவறிய இடம். ஸ்பீக்கரில் அது பெரிதாகிவிட்டிருந்தது. பஸ் நகரும் வரைக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் காது வலியா என்று விசாரித்தார்.

சித்திரையில் ஒருநாள், காலை பதினொரு மணிக்கு, வழக்கமில்லாத நேரத்தில் அக்கா படியேறி வந்தார். ஆபீஸ் போகவில்லை போலிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் புதிதாகப் போர் போடுகிறார்கள். அதற்குப் பூஜை. இவர் தேங்காய் பழத்தட்டோடு போயிருக்கிறார். அந்த வீட்டு அம்மா வாசலிலேயே வந்து நின்று, ரொம்ப மரியாதையாக, "நீங்க அப்பறமா வாங்க அம்மணி, தண்ணி பாத்துப்போட்டுக் கூப்புடறோம்" என்று சொல்லித் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டாராம். ஆட்டோ விளம்பரத்துக்குப் பேசுகிறவர் என்பதால் ஊரே குரலை அடையாளம் கண்டுவிட்டது. பகலெல்லாம் ஆபீசில் இருந்ததால் இவர் காதுக்கு மட்டும் அது வரவில்லை. முதலில் நம்மூர் அம்மணி குரல் என்று பெருமைப்பட்டவர்கள்தான். போர் இறங்க இறங்க, அந்த வாய் வந்த பிறகுதான் இறங்கியது என்று பேச்சு மாறிவிட்டது. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எல்லாரும் "ங்க" போட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

"ஊர் பேசறது கெடக்குதுங்க தம்பி. நான் நேராப் போயி அந்தப் பொட்டியைக் கேட்டுப்போட்டேன். என்ற குரல்தானுங்க. ஆனா நான் சொல்லலைங்களே. அன்னைக்கு மாட்டேன்னு சொல்லிப்போட்டுத்தானே போனேன்? இல்ல, எனக்குத்தான் நெனவு தப்பிப்போச்சுங்களா? வேகவேகமாப் படிச்சுப்போட்டு ஓடறமே, அதுல எப்பவாச்சும் சொல்லியிருப்பனா? நீங்கதான் சொல்லோணும்."

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. தீப்பெட்டி அதற்குள்தான் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் போதும். அடுத்த வாரம் இன்ஜினியர் புது மாடலுக்குப் பேச வருவதாகச் சொல்லியிருந்தார். பட்டறைக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் வந்திருந்தது. இதெல்லாம் அப்போது காரணமாகத் தோன்றியது. இன்று சொன்னால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"உங்க வாயில இருந்து வந்ததுதாங்க அக்கா" என்றேன்.

"நான் சொன்னனுங்களா?"

"சொன்னீங்க."

இதிலும் பொய்யில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவருடைய பார்வை மெதுவாகத் தன் பக்கமே திரும்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்ப நான்தானுங்களா" என்று சன்னமாகச் சொல்லி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் மைக்குக்கு வரவில்லை. வக்கீல் ஆபீசையும் விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

விளம்பரத்துக்கு வேறொரு பெண் வந்தாள். நான் எழுதியதை எழுதியபடியே படித்தாள். கடைக்காரர்கள் முன்னைப்போல் இல்லை என்றார்கள், எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தனியாக எடிட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது, எந்த நாடாவில் எந்த வாக்கியம் முடிந்தாலும் அதற்குப் பிறகு ஒரு "ன்" வரும் என்று காது காத்திருக்கும். வராது. வராமல் போவது வந்ததைவிட மோசமாக இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்ட ஒரு மத்தியானம் இன்ஜினியர் வந்தார். பெட்டி நன்றாகப் போகிறது, ஒரே ஒரு குறை என்றார்.

"கடைசியில ஒரு சின்னத் தடுக்கல் இருக்குதுங்க. தோட்டக்காரங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. 'அந்தம்மா என்னமோ சொல்ல வந்து நிறுத்திக்குதுங்களே, அது என்னங்க'ன்னு. அதை எடுத்துப்போட முடியுமுங்களா?"

 எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். பட்டம் படிக்காத, மைக்கைப் பார்த்தே இராத ஆட்கள் வரப்போரத்தில் நின்று அந்த மயிரிழையைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா மேலே சொல்ல வந்தார், யாரோ நிறுத்திவிட்டார்கள் என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்ஜினியரிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துகொண்டார். பிறகு, "எங்கிட்ட சொல்லியிருந்தா மறுபடி மணியே வெச்சிருப்பனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாடலில் தண்ணீர் தீர்ந்தால் பெட்டி தானே மோட்டாரை நிறுத்தியது. பேச்சே கிடையாது. பழைய பெட்டிகள் அவரவர் தோட்டத்தில் அப்படியே இருந்தன, சிப்புக்குத்தான் மறதி கிடையாதே.

அன்றைக்கு இன்ஜினியர் போனதும் தீப்பெட்டியை எடுத்தேன். நாடா சுருண்டு இறுகியிருந்தது. விரலால் நீவி, ஸ்பூலில் இருந்த முன்பாதியோடு சேர்த்து ஒட்டினேன். வாக்கியம் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முழுசாகப் பேசியது. ஒரு கேசட்டில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை காரமடைக்குப் பஸ் ஏறினேன். இந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினால் ஊர் முன்னால் அவர் தலை நிமிர்ந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். வழியெல்லாம் தோட்டங்கள் பச்சையாக இருந்தன. தண்ணீர் இருந்ததால் எந்தப் பெட்டியும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

அவருடைய கணவர்தான் வரவேற்றார். "வாங்க வாங்க, உக்காருங்க. காந்திபுரத்துலிருந்தா இவ்வளவு தூரம்?" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். அக்கா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "வாங்க தம்பி" என்றார். அந்தக் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான் என்று கணவர் சொன்னார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரியில் இருந்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டேன். அடுத்தவங்க தோட்டத்துல நின்னு, தண்ணி இல்லீங்கன்னு என்ற வாயால சொல்ல மாட்டனுங்க. அக்கா கையை நீட்டி, பின்னால் சுற்றி, இன்னொரு தடவை கேட்டார். அவருடைய உதடு கூடவே அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டலாமுங்க அக்கா. நான் செஞ்சதுன்னு நானே சொல்றேன்."

அவர் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"நீங்க சொன்னீங்கன்னுதானுங்க தம்பி நான் நம்பிப்போட்டேன். அடுத்த வாரமே, அந்தப் பொட்டி இருக்கற தோட்டத்துக்கெல்லாம் நடந்து போனனுங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, என்ற வாயில வந்துபோச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டுப்போட்டு வந்தனுங்க. அவங்களும் பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்க. மழையும் பேஞ்சுது. இப்ப மறுக்காப் போயி நான் சொல்லவே இல்லைன்னு நின்னா, அன்னைக்குப் பொய் சொன்னியா, இன்னைக்குப் பொய் சொல்றியான்னு கேப்பாங்க. நான் என்னங்க சொல்றது?"

 கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கேசட்டை வெளியே எடுத்து, அதன் உறையில் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"நான் சொல்லலைன்னு எனக்குத் தெரிஞ்சுது, அது போதுமுங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, "போயிட்டு வாரேனுங்க அக்கா" என்றேன். எங்கள் ஊரில் பாத்திரக்காரனைக்கூட "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புவார்கள். "போ" என்ற சொல்லைத் தனியாக யாரும் வாசலில் வைத்துச் சொல்வதில்லை. அக்கா அதில் எவ்வளவு கவனமானவர் என்று எனக்குத் தெரியும்.

அவர் நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தார். நிதானமாக, நல்ல தெளிவான குரலில், மைக்கின் முன் நின்று சொல்வது போல் சொன்னார்.

"போங்க."

"ங்க" இருந்தது. "வாங்க" வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்றேன். வாக்கியம் அவ்வளவுதான், அதை யாரும் வெட்டவில்லை.